பக்கத்தில் இருக்கும் பஸ் ஸ்டாப் பெயர் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக்குப் போய்வர ஏற்ற மலையூர்கள் என்று உங்கள் நாளிதழில் ஒரு பக்கம் வந்திருந்தது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று பார்க்க வேண்டிய இடங்களை அழகாக எழுதியிருந்தீர்கள். எங்கே தங்குவது என்பதற்கு மட்டும் 'ஹோம்ஸ்டேக்கள் ஏராளமாக உள்ளன' என்று ஒரே வரி. ஹோம்ஸ்டே என்றால் தாங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே பயணிகளுக்கு அறை விடுவது. ஏராளமாக இருக்கின்றன என்ற தைரியத்தில்தான் நாங்களும் போன வருடம் கிளம்பினோம். இந்த மே மாதம் யாரும் எங்களைப் போலக் குழந்தைகளை வைத்துக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்கு மலை ரோட்டில் நிற்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம். சுருக்கினால் யாருக்கும் பயன்படாது என்று அப்படியே விட்டுவிட்டேன்.

நான் கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர் அருப்புக்கோட்டை. நான், என் கணவர், நாத்தனார், மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேரன், ஐந்து வயதுப் பேத்தி என்று ஏழு பேர். வண்டி ஓட்டிய தம்பியோடு எட்டு. 2025 மே 13 செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு ஒரு டெம்போ டிராவலரில் கிளம்பினோம். கோத்தகிரியில் இரண்டு ராத்திரி, ஊட்டி பக்கம் இரண்டு ராத்திரி, கூடலூரில் ஒரு ராத்திரி, பிறகு ஊர் திரும்புவது என்று திட்டம். மூன்று இடத்திலும் லாட்ஜ் வேண்டாம், வீடுதான் என்று முடிவு செய்திருந்தோம். என் கணவருக்குச் சர்க்கரை. காலை எட்டு மணிக்குள் இலையில் ஏதாவது விழ வேண்டும். சீசன் நேரத்தில் ஊட்டி ஓட்டல்களில் காலை டிபனுக்கு இடம் பிடிப்பது எவ்வளவு பாடு என்று போனவர்களுக்குத் தெரியும். தங்கும் வீட்டிலேயே காலைச் சாப்பாடும் கிடைத்தால் பாதி அலைச்சல் குறையும். எல்லாருக்கும் ஒரே கூரையின் கீழ் இடம் கிடைக்கும், குழந்தைகள் வாசலில் விளையாடும் என்றும் நினைத்தோம்.

முதல் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோத்தகிரிக்குப் பக்கத்தில், நீலகிரியின் படுகர் மக்கள் வாழும் ஒரு கிராமம். என்னோடு வேலை பார்த்தவர் இரண்டு வருடம் முன்பு தங்கிவிட்டு வந்து நம்பர் கொடுத்திருந்தார். மார்ச் முதல் வாரமே போன் செய்தேன். எடுத்தது வீட்டுக்கார அம்மாவே. எத்தனை பேர், வயது என்ன என்று கேட்டார். முழங்கால் வலி இருப்பவர்கள் உண்டா என்று அவரேதான் கேட்டார், நான் சொல்லவில்லை. "மேல் ரூமுக்கு பதினாலு படி இருக்கு அக்கா, மாமாவுக்குக் கீழ் ரூமைக் கொடுத்துடறேன்" என்றார். ஒரு அறைக்கு ஒரு ராத்திரிக்கு 2,600 ரூபாய், எல்லாருக்கும் காலைச் சாப்பாடு சேர்த்து. கூடுதல் மெத்தைக்கு 400. முன்பணம் 2,000 மட்டும் அனுப்பினேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "இப்ப ஒன்வே போட்டிருக்காங்க அக்கா. மேட்டுப்பாளையத்தில இருந்து ஏறும்போது பர்லியாறு, குன்னூர் வழியா வாங்க. இறங்கும்போதுதான் கோத்தகிரி ரோடு. இ-பாஸ் எடுத்தாச்சா?" என்றார். மலை ஏறும் வண்டிகளுக்கான அந்த இணைய அனுமதிச் சீட்டை எடுத்திருந்தோம். கல்லாறு சோதனைச் சாவடியில் அதைக் காட்டிவிட்டு மேலே ஏறினோம். வழி தெரியாமல் நேராகக் கோத்தகிரி ரோட்டுக்குப் போயிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள், அரை நாள் போயிருக்கும்.

அந்த வீட்டில் ஆடம்பரம் ஒன்றுமில்லை. சிமெண்டுத் தரை, கனமான கம்பளி, பின்கட்டில் விறகுப் பாய்லர். காலை ஆறரைக்கு வாளி வாளியாக வெந்நீர் வந்தது. எட்டு மணிக்கு இட்லி, தேங்காய்ச் சட்னி, என் கணவருக்குத் தனியாகக் கோதுமை தோசை. இரண்டாம் நாள் நாங்கள் கேட்டதற்காக ராகிக் களியும் அவரைக் குழம்பும் செய்து வைத்தார். அந்த அவரைக் குழம்பின் மணம் இன்னும் நினைவில் இருக்கிறது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பது பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிகிறது. அவர் முதல் நாளே, "ஸ்டீல் பாட்டில் கொண்டு வாங்க, கொதிக்க வச்ச தண்ணி தினம் ரொப்பித் தரேன்" என்று சொல்லிவிட்டார். பேரன் சாயங்காலம் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் ஓடப் பார்த்தான். "ஆறு மணிக்கு மேல காட்டுமாடு இறங்கும், கண்ணு. உள்ள வந்துடு" என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். ஆறேகாலுக்கு நிஜமாகவே நாலு காட்டுமாடுகள், ஒவ்வொன்றும் கறுப்புப் பாறை மாதிரி, வீட்டுக்குக் கீழே வரிசையாக நடந்து போயின. பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அந்த வீட்டில் அந்த அம்மா இல்லாமல் இருந்திருந்தால், அந்த நேரத்தில் என் பேரன் எங்கே நின்றிருப்பான் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

புதன்கிழமை கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் தங்கியிருந்த பங்களா, கேத்தரின் அருவி, கோடநாடு காட்சிமுனை என்று நிதானமாகப் பார்த்தோம். எல்லாம் கோத்தகிரியைச் சுற்றியே. யாருக்கும் களைப்பில்லை.

வியாழக்கிழமை, மே 15, ஊட்டி மலர்க் கண்காட்சி தொடங்கிய நாள். அன்றுதான் நாங்கள் வீடு மாறினோம். கோத்தகிரியில் இருந்து ஊட்டி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சாதாரண நாளில் ஒரு மணி நேரம். அன்று தொட்டபெட்டா சந்திப்பு வரவே இரண்டரை மணி நேரம் ஆனது. தாவரவியல் பூங்காவுக்குள் கால் வைக்கும்போது மணி மூன்று. பூக்களைப் பார்த்ததைவிட மனிதத் தலைகளைப் பார்த்ததுதான் அதிகம். வெளியே வந்து வண்டியைத் தேடிப் பிடித்துக் கிளம்ப ஆறரை ஆகிவிட்டது.

இரண்டாவது வீட்டை மகன் போனில் படம் பார்த்து ஏப்ரல் கடைசியில் பதிவு செய்திருந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். படம் அவ்வளவு நன்றாக இருந்தது. கண்ணாடி ஜன்னல், வெள்ளைப் படுக்கை, பின்னால் பச்சைச் சரிவு. 'ஊட்டியில் இருந்து 10 நிமிடம், காலை உணவு உண்டு' என்று போட்டிருந்தது. அறைக்கு 4,500 ரூபாய். இரண்டு அறை, இரண்டு ராத்திரி, மொத்தம் 18,000. சீசன் என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள்.

எமரால்டு போகும் ரோட்டில் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தோம். பத்து நிமிடம் ஐம்பது நிமிடமாகியும் வீடு வரவில்லை. மேப் காட்டிய இடத்தில் ஒரு கேரட் தோட்டம்தான் இருந்தது. போன் செய்தால் எடுத்தவர் நல்ல மரியாதையாகத்தான் பேசினார். "நேரா வாங்க மேடம், லெஃப்ட்ல வரும்." எந்த லெஃப்ட் என்று அவருக்கும் தெரியவில்லை. இருட்டிவிட்டது, பனி இறங்கிவிட்டது. பேத்தி அழ ஆரம்பித்தாள். டிரைவர் தம்பி என்னிடமிருந்து போனை வாங்கி, "அண்ணே, பக்கத்துல இருக்கிற பஸ் ஸ்டாப் பேரு என்ன?" என்று கேட்டார். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அப்புறம், "வாட்ச்மேன் நம்பர் அனுப்பறேன்" என்று வைத்துவிட்டார். அவர் இருந்தது பெங்களூரில் என்று பிறகு தெரிந்தது.

வாட்ச்மேன் என்பது பத்தொன்பது, இருபது வயதுப் பையன். வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. டார்ச் அடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து எங்களைக் கூட்டிப் போனான். வண்டி உள்ளே போகாது, ரோட்டிலேயே நிறுத்த வேண்டும். அங்கிருந்து கீழே 62 படி. நான் எண்ணினேன். கைப்பிடி கிடையாது, படியெல்லாம் ஈரம். என் கணவரை மகனும் டிரைவரும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். படத்தில் இருந்த கண்ணாடி ஜன்னல் இருந்தது. தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீர் அன்றைக்கு வரவில்லையாம். ஏழு பேருக்கு ஒரு டிரம் தண்ணீர். கீசருக்குக் கரண்ட் போதவில்லை. காலை உணவு என்பது ஒரு பிரெட் பாக்கெட்டும் ஜாம் பாட்டிலும், மேசை மேல் முன்கூட்டியே வைத்திருந்தார்கள். அந்தப் பையன் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. அவனுக்குப் போர்த்திக்கொள்ளச் சரியான கம்பளிகூட இல்லை.

டிரைவர் தம்பி அன்று ராத்திரி வண்டியிலேயே தூங்கினார். மே மாதம்தான், ஆனாலும் ஊட்டிப் பக்கத்துக் குளிர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் பார்த்தபோது துண்டைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அந்த மனிதர்தான் எங்கள் எட்டு உயிரையும் கொண்டை ஊசி வளைவுகளில் கொண்டுபோக வேண்டும். தூங்காத கண்ணோடு. இந்த ஒரு விஷயத்தை மட்டும் வாசகர்கள் மனதில் வைத்தால்கூடப் போதும் என்று நினைக்கிறேன். அறை கேட்கும்போதே, 'டிரைவர் எங்கே படுப்பார், அவருக்கு பாத்ரூம் எது, காலையில் அவருக்கும் சாப்பாடு உண்டா' என்று கேளுங்கள். கோத்தகிரி வீட்டில் நான் கேட்காமலே கார் ஷெட்டுக்கு மேலே ஒரு சின்ன அறையைக் காட்டியிருந்தார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று இரண்டாவது வீட்டில் கேட்காமல் விட்டது என் தப்பு.

வெள்ளிக்கிழமை காலையே அங்கிருந்து கிளம்பிவிட்டோம். மீதி ஒரு ராத்திரிக்கான 9,000 ரூபாய் திரும்பி வரவே இல்லை. ஊட்டிக்குள் வந்து இடம் தேடினோம். பதினோரு இடத்தில் கேட்டிருப்போம். எல்லா இடமும் நிரம்பி இருந்தது, அல்லது ஒரே அறையில் ஏழு பேரும் படுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சீசனில் போய்ப் பார்த்து இடம் பிடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜூலையிலோ நவம்பரிலோ நடக்கலாம். மலர்க் கண்காட்சி வாரத்தில் நடக்காது. கடைசியில் கோத்தகிரி அம்மாவுக்கே போன் செய்தேன். அவர் வீடு அன்று நிறைந்துவிட்டது. ஆனால் பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டு, அதே கிராமத்தில் தன் நாத்தனார் வீட்டில் இரண்டு அறை சொல்லிவைத்திருப்பதாகச் சொன்னார். அவர்களும் முறையாகப் பதிவு செய்து அறை விடுகிறவர்கள்தான். சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது.

அன்று ராத்திரி டிரைவர் தம்பி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "பஸ் ஸ்டாப் பேரு கேட்டா, வீட்டுல குடியிருக்கிறவங்க யோசிக்காமச் சொல்லிருவாங்கம்மா. அங்க இல்லாதவங்களுக்குத்தான் வாய் வராது." அந்த வார்த்தையில்தான் எனக்கு எல்லாம் தெளிவானது. விலை, படம், ஜன்னல், இணையத்தில் போடும் நட்சத்திரம் எல்லாம் அப்புறம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. இதன் சொந்தக்காரர் இந்த வீட்டில் குடியிருக்கிறாரா?

நேராகக் கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதனால் சுற்றிக் கேட்க வேண்டும். பஸ் ஸ்டாப் பெயர் ஒன்று. காலைச் சாப்பாடு யார் சமைக்கிறார்கள், எத்தனை மணிக்கு, நாளைக்கு ஆறரைக்கே கிளம்ப வேண்டியிருந்தால் கட்டித் தருவார்களா என்று கேளுங்கள். சமைக்கிறவர் பதில் சொல்கிற விதமே வேறு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். குடியிருப்பவர், "மே மாசம் ரெண்டு நாளுக்கு ஒரு தடவைதான், தொட்டியில பிடிச்சு வைப்போம்" என்று உள்ளதைச் சொல்வார். இல்லாதவர், "டுவென்டி ஃபோர் ஹவர்ஸ் மேடம்" என்பார். காட்டுமாடு, கரடி வருமா என்று கேளுங்கள். வராது என்று அடித்துச் சொன்னால் அவர் அங்கே இருப்பவர் இல்லை. கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய வீட்டில் வாழ்கிறவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்று. வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்து கட்டில் வரைக்கும் வீடியோ காலில் நடந்து காட்டச் சொல்லுங்கள். மலையில் வீடு என்றால் சரிவில்தான் இருக்கும், படி இருக்கத்தான் செய்யும். அது யார் குற்றமும் இல்லை. ஆனால் வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் அந்தப் படிகளை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். படத்தில் அறை தெரியும், படி தெரியாது. அதேபோல இணையத்தில் மற்றவர்கள் எழுதியதைப் படிக்கும்போது தேதியைப் பாருங்கள். ஜனவரியில் இரண்டு பேராகப் போய்த் தங்கியவர் எழுதியது உங்களுக்கு உதவாது. மே மாதம் குடும்பத்தோடு தங்கியவர் தண்ணீரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் படியுங்கள்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன், முப்பது வருடப் பழக்கம். கோத்தகிரியில் ஒரு ராத்திரிக்கு இரண்டு அறைக்கு 5,200, ஒரு கூடுதல் மெத்தை 400. ஆக 5,600 ரூபாயில் எட்டுப் பேருக்குக் காலைச் சாப்பாடும் முடிந்தது. இரண்டாவது வீட்டில் ஒரு ராத்திரிக்கு 9,000. அதுபோக வெள்ளிக்கிழமை ஊட்டியில் எட்டுப் பேர் டிபன் சாப்பிட 1,100 ரூபாய், காத்திருந்தது முக்கால் மணி நேரம். என் கணவருக்கு அதற்குள் கை நடுங்க ஆரம்பித்து, பையில் இருந்த பிஸ்கட்டைக் கொடுத்துச் சமாளித்தோம். அறை வாடகையை மட்டும் பார்த்து இது மலிவு, அது அதிகம் என்று முடிவு செய்தால் தப்பாகிவிடும்.

ஐந்து ராத்திரிக்கு மூன்று வீடு என்று நான் போட்ட திட்டமும் சீசனுக்கு ஒத்துவராதது. ஊர் ஊராகப் போகும் பயணம் என்றால் ஊருக்கு ஒரு வீடு என்று மனம் ஆசைப்படும். மலையில் கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போட முடியாது. வீடு மாறும் நாள் முழுக்க ரோட்டிலேயே போய்விடுகிறது. மூட்டை கட்டுவது, இறக்குவது, புது இடத்தில் வெந்நீருக்குச் சொல்வது என்று பெண்களுக்குத்தான் அதில் வேலை அதிகம். கோத்தகிரியிலோ குன்னூரிலோ ஒரே வீட்டில் மூன்று, நான்கு ராத்திரி தங்கி, ஊட்டிக்கு ஒரு நாள் மட்டும் விடியற்காலையில் போய்வந்தால் போதும். குன்னூரில் இருந்து மலை ரயிலில் ஊட்டிக்குப் போகலாம், முன்பதிவு கிடைத்தால். அரசுப் பஸ்ஸும் நிறைய ஓடுகிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

இ-பாஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 2025 சீசனுக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள். நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வீட்டுக்குப் பணம் கட்டிவிட்டுக் கடைசி நாளில் பாஸ் கேட்கப் போனால், அந்தத் தேதிக்குக் கிடைக்காமலும் போகலாம். வீட்டையும் பாஸையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். முடிந்தவரை செவ்வாய், புதனில் மலை ஏறுங்கள். கோத்தகிரி அம்மா என்னிடம், "சீசன் வந்துட்டா சனி ஞாயிறு நாங்க ரோட்டுக்கே போறதில்ல அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னாகூட பயமா இருக்கு" என்றார். நாம் பூப் பார்க்கப் போகிற அதே ரோட்டில்தான் அவர்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இந்தக் கட்டுப்பாடு நமக்குத் தொந்தரவு என்று பேசுகிறவர்கள் அங்கே குடியிருப்பவர்களிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும்.

கூடலூர் வீட்டைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. நடுவட்டம் வழியாக இறங்கிப் போனோம். காப்பிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவில் ஒரு ஓட்டு வீடு. வயதான தம்பதி. அந்த ஐயா இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி சின்ன வயதில் பெற்றோருடன் இங்கே வந்து, தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போனில் பேசும்போதே, "பாத்ரூம் அறைக்குள்ள இல்ல, வராந்தாவைத் தாண்டிப் போகணும். மழை பெய்ஞ்சா கொஞ்சம் நனைவீங்க. சம்மதம்னா வாங்க" என்று சொல்லிவிட்டார். சம்மதித்துத்தான் போனோம். ராத்திரி மழையும் பெய்தது, நனைந்தும் போனோம். ஒருவருக்கும் மனக்குறை இல்லை. காலையில் புட்டும் கடலைக் கறியும் கொடுத்தார்கள். குறையை முன்பே சொல்கிறவர் வீட்டை நம்பிப் போகலாம் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

இப்போது அரசுக்கும் உங்களுக்கும் ஒரு கோரிக்கை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தில் 'இன்கிரெடிபிள் இந்தியா பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட், ஹோம்ஸ்டே' என்று ஒரு திட்டம் இருக்கிறது. அதில் வீட்டுச் சொந்தக்காரரும் குடும்பமும் அங்கேயே குடியிருக்க வேண்டும். விருந்தினருக்கு விடும் அறை 6க்கு மேல், படுக்கை 12க்கு மேல் போகக் கூடாது. தங்கம், வெள்ளி என்று இரண்டு தரம் பிரித்துச் சான்று தருகிறார்கள். நான் மேலே புலம்பியதற்கெல்லாம் பதில் அந்த ஒரு விதியிலேயே இருக்கிறது. வீட்டில் குடும்பம் குடியிருக்க வேண்டும் என்று அரசே எழுதி வைத்திருக்கிறது. தமிழக அரசும் இதே போன்ற பதிவு முறையை வைத்திருக்கிறது. ஆனால் ஒரு சாதாரணக் குடும்பம் ஏப்ரல் மாதம் போனை எடுத்து, இந்த வீடு பதிவு பெற்றதா இல்லையா என்று இரண்டு நிமிடத்தில் தமிழில் பார்த்துக்கொள்ள எளிய வழி வேண்டும். யாருமே குடியிருக்காத கட்டடத்துக்கும் ஹோம்ஸ்டே என்று போர்டு மாட்டலாம், படம் போட்டுப் பணம் வாங்கலாம் என்றால் அந்த விதிக்கு என்ன மரியாதை?

இ-பாஸ் விண்ணப்பத்திலேயே தங்கும் வீட்டின் பதிவு எண்ணையும் கேட்கலாம். எண் இல்லாத வீடு என்றால் பணம் கட்டுவதற்கு முன்பே சுற்றுலாப் பயணிக்குத் தெரிந்துவிடும். விளம்பரத்திலும் வாசல் போர்டிலும் அந்த எண் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம். முன்பணம் எவ்வளவு வரை வாங்கலாம், சொன்னபடி வீடு இல்லாவிட்டால் எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்பதற்கும் ஒரு வரையறை வேண்டும். சீசனைக் காட்டி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டால், போய்ப் பார்த்த பிறகு வேண்டாம் என்று திரும்பக்கூட நமக்கு வழி இல்லாமல் போகிறது. அன்று அந்த 62 படியைப் பார்த்ததும் நாங்கள் திரும்பியிருக்க வேண்டும். 18,000 ரூபாயை நினைத்துத்தான் இறங்கினோம்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறைப் பகுதிகளில் பதிவு பெற்று, குடும்பத்தோடு குடியிருந்து அறை விடும் வீடுகளின் பட்டியலைச் சுற்றுலாத் துறையிடம் கேட்டு வாங்கி, ஏப்ரல் மாதம் ஒரு முழுப் பக்கம் போடுங்கள். ஊர் வாரியாகப் போடுங்கள். முடிந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே பக்கத்து பஸ் ஸ்டாப் பெயரையும் அச்சிடுங்கள். எங்கள் தெருவில் மட்டும் நாலு குடும்பம் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளும்.

இந்த வருடமும் போகிறோம். ஒரே வீடு, நாலு ராத்திரி, செவ்வாய்க்கிழமை ஏறி சனிக்கிழமை காலை இறங்குவது என்று வைத்திருக்கிறோம். மார்ச் பிறந்ததும் கோத்தகிரிக்குப் போன் செய்துவிட்டேன். போன வருடம் வந்த அதே டிரைவர் தம்பிதான் வருகிறார், அவரோடு சேர்த்து எட்டுப் பேர் என்றேன். "தெரியும் அக்கா, ஷெட் மேல் ரூமுக்கு இந்தத் தடவை புதுக் கம்பளி வாங்கி வச்சிருக்கேன்னு தம்பிகிட்ட சொல்லிடுங்க" என்றார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
அருப்புக்கோட்டை